மதுபூர் வீட்டில் ஒரு தோசைக்கல்

கொல்கத்தாக்காரர்கள் காற்று மாற்றத்துக்குப் போன ஊர்கள் இன்று ஓய்ந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு தமிழ்த் தம்பதி நாற்பது ஆண்டுகளாக அங்கே போவதை நிறுத்தவில்லை.

காலையில் ஹௌராவில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டு வேளைக்கு மதுபூர். தூரம் சுமார் 300 கி.மீ. அசன்சோலைத் தாண்டியதும் நெல்வயல்கள் பின்தங்கி, செம்மண் மேடுகளும் கரும்பாறைகளும் பலாச மரங்களும் தலைகாட்டத் தொடங்கும். வண்டிக்குள் வரும் காற்றில் ஈரம் இருக்காது. கொல்கத்தாக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தக் காற்றுக்காகத்தான் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள்.

2023 டிசம்பரில் இந்த வழியே வந்த ஒரு முதிய தம்பதியின் பையில் அரைக்கிலோ காபிப் பொடி, பித்தளை ஃபில்டர், ஒரு உருண்டை புளி, சாம்பார்ப் பொடி, கொஞ்சம் மணத்தக்காளி வற்றல் இருந்தன. கணவருக்கு 74 வயது. கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 70. தெற்குக் கொல்கத்தாப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவர். வீடு லேக் மார்க்கெட் பக்கம். கும்பகோணத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து 1974இல் வேலைக்கு வந்தவர்கள், ஊர் திரும்பவில்லை.

மதுபூர் ஸ்டேஷனில் அவர்களுக்காக ஒருவர் காத்திருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாலி. அவருடைய மகனின் டோட்டோவில், அதாவது பேட்டரி ரிக்‌ஷாவில், சாமான்கள் ஏறின. எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் இந்த முறை வழக்கத்தில் இல்லாத ஒரு காரியமும் இருந்தது. தங்கப்போகும் வீட்டை விற்கலாமா, கூடாதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்த வீட்டின் சொந்தக்காரி.

மேற்கே போன பாபுக்கள்

வங்காளிகளுக்கு 'பஸ்சிம்', அதாவது மேற்கு, என்பது வெறும் திசை அல்ல. மதுபூர், கிரிதி, தேவ்கர், ஜசிடி, சிமுல்தலா, கர்மாடார் என்று ஒரு சரம் ஊர்களுக்கு அது பொதுப் பெயர். இன்று சிமுல்தலா மட்டும் பீகாரில் இருக்கிறது. மற்றவை 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி பிறந்த ஜார்க்கண்டில். 1871இல் இந்த வழியாக ரயில் பாதை திறந்தது எல்லாவற்றுக்கும் தொடக்கம். வங்காளத்துச் சதுப்பு நிலத்தில் மலேரியாவும் வயிற்றுக் கோளாறும் ஆட்டிப் படைத்த காலம் அது. டாக்டர்கள் மருந்துச் சீட்டில் 'சேஞ்ச்' என்று எழுதினார்கள். வறண்ட காற்று, கிணற்றுத் தண்ணீர், நாலு மைல் நடை. கல்லைத் தின்றாலும் ஜீரணமாகும் என்று அந்தத் தண்ணீருக்குப் பெயர்.

துர்கா பூஜை விடுமுறைக்கு வந்தவர்கள் குளிர் முடியும்வரைகூடத் தங்கினார்கள். வசதி உள்ள வக்கீல்களும் டாக்டர்களும் ஜமீன்தார்களும் வீடு கட்டினார்கள். அகலமான வராந்தா, சிவப்புத் தரை, ரோஜாத் தோட்டம், வாயில் தூணில் பளிங்கில் வீட்டின் பெயர். சந்தையில் கோழி, முட்டை, காய்கறி விலையைக் கேட்டு இந்த பாபுக்கள் 'டாம் சீப்' என்று வியந்ததாகவும், உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு 'டாஞ்சி பாபு' என்று பெயர் வைத்ததாகவும் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்தப் பழக்கம் கதைகளிலும் ஏறியது. சரதிந்து பந்தோபாத்யாயின் துப்பறிவாளர் ப்யோம்கேஷ், 'சித்ரசோர்' கதையில் உடம்பு தேற மனைவியோடும் நண்பரோடும் வருவது சந்தால் பர்கனா ஊர் ஒன்றுக்குத்தான்.

பெரிய மனிதர்களும் வந்தார்கள். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1937 நவம்பரில் காலமானது கிரிதியில். புள்ளியியல் மேதை மகலனோபிஸுக்கும் அங்கே வீடு இருந்தது.

போக ஊர் இல்லாதபோது

தமிழ்த் தம்பதி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது தற்செயலாகத்தான். கொல்கத்தாத் தமிழர்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது. ரயில்வே பாஸ், இரண்டு ராத்திரிப் பயணம், கிராமத்தில் பெற்றோர், குலதெய்வம், இரண்டு கல்யாணம், திரும்பி வரும்போது ஊறுகாய் ஜாடி. இவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அப்பா போய், அடுத்த வருஷமே அம்மாவும் போய், வீடு பாகமாகி விற்கப்பட்டபோது, 1981 பூஜை விடுமுறைக்கு எங்கே போவது என்றே தெரியவில்லை.

அப்போது மனைவியோடு வேலை பார்த்த வங்காளி டீச்சர் கூப்பிட்டார். "எங்கள் மதுபூர் வீட்டுக்கு வா. பார்க்க ஒன்றும் இல்லை. சும்மா இருக்கலாம்."

சும்மா இருப்பது அவர்களுக்குத் தெரியாத வித்தை. முதல் இரண்டு நாள் கணவர் தவித்துப்போனார். காலையில் குளித்துத் தயாராகி, "இன்றைக்கு எங்கே போகிறோம்?" என்று கேட்பார். வங்கி அதிகாரியான வீட்டுக்காரர் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி, "அந்த நாற்காலிக்கு" என்று எதிர் நாற்காலியைக் காட்டுவார். மூன்றாம் நாள் இவரும் அதில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை என்று மனைவி கேலி செய்வதுண்டு.

அந்த முதல் பயணத்தில் மனைவி கையோடு ஒரு இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுபோயிருந்தார். மீன் சமைக்கும் வீட்டில் கணவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வாரோ என்ற கவலை. கவலைக்கு அவசியமே இருக்கவில்லை. தேங்காய்ப் பல் போட்ட கடலைப் பருப்பு, லூச்சி, கத்தரிக்காய் வறுவல், காலிபிளவர் கறி என்று தீதியின் சைவச் சமையல் பத்து நாளும் திரும்ப வராமல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல் அடுப்பில் ஏறியது. வீட்டுக்காரர் பதினோரு தோசை சாப்பிட்டார். "இது இங்கேயே இருக்கட்டும்" என்று கல்லைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அது மதுபூர்க் கல்.

பிறகு எந்த வருஷமும் விட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் பரீட்சை, ஒரு ஆபரேஷன், கொரோனா என்று சில ஆண்டுகள் தவறின. மற்றபடி பூஜைக்கோ குளிருக்கோ இரண்டு குடும்பமும் மதுபூரில்தான். லேக் மார்க்கெட் நண்பர்கள் சிம்லா, காஷ்மீர், சிங்கப்பூர் போட்டோக்களைக் காட்டிவிட்டுக் கேட்பார்கள்: "மதுபூரில் அப்படி என்னதான் இருக்கு பார்க்க?"

பத்து நாள் பட்டியல்

பார்க்க உண்மையிலேயே அதிகம் இல்லை. காலையில் பனி விலகியதும் நடை. வழியில் பேரீச்சை மரத்திலிருந்து இறக்கிய சாறு. வெயில் ஏறும் முன்பே குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். காய்ச்சினால் அதுவே நோலென் குர், குளிர்கால வங்காளத்தின் உயிரான பனிக்கால வெல்லம். வீடு திரும்பினால் காபி. தமிழ்த் தம்பதி மதுபூருக்குக் கொடுத்த சீதனம் அது. வங்கி அதிகாரி கடைசிவரை காலைத் தேநீரைத் தொடவில்லை.

வாரச் சந்தை ஒரு அரை நாளை விழுங்கும். சந்தால் பெண்கள் கூடைகளில் கொண்டுவரும் முள்ளங்கி, அவரை, காட்டுக்கீரைகளைப் பேரம் பேசாமல் வாங்க வேண்டும் என்பது தீதியின் கட்டளை. ஒரு நாள் பதரோல் காளி கோயில். ஒரு நாள் தேவ்கர். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான பைத்யநாதரைத் தரிசித்துவிட்டு, பேடா வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். சாவன் மாதத்தில் சுல்தான்கஞ்சில் கங்கை நீர் எடுத்து நூறு கி.மீ.க்கும் மேல் நடந்து வரும் லட்சக்கணக்கான காவடிக்காரர்களின் நெரிசல் குளிர்காலத்தில் இருக்காது.

இன்னொரு நாள் கிரிதி. மதுபூரிலிருந்து 38 கி.மீ. கிளைப்பாதை. ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் அபிரகத்துக்கும் பெயர் பெற்ற ஊர். உஸ்ரி அருவிப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் பாரஸ்நாத் மலை தெரியும். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களில் இருபது பேர் முக்தி அடைந்த இடமாக ஜைனர்கள் போற்றும் மலை.

கர்மாடார் போவது கணவருக்கு ஒவ்வொரு முறையும் வேண்டும். மதுபூருக்குக் கிழக்கே சில ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு இன்று பெயர் வித்யாசாகர். விதவை மறுமணத்துக்காகப் போராடிய ஈஸ்வர சந்திர வித்யாசாகர், சொந்தக்காரர்களிடமும் நகரத்து மனிதர்களிடமும் மனம் வெறுத்து 1870களில் இங்கே வீடு வாங்கி, சுமார் 18 ஆண்டுகள் வந்து வந்து தங்கினார். சந்தால்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தார். பள்ளி நடத்தினார்.

அவரைப் பார்க்கப் போன அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். காலையில் சந்தால்கள் மக்காச்சோளம் கொண்டுவருகிறார்கள். வித்யாசாகர் கேட்ட விலை கொடுத்து வாங்கி அடுக்குகிறார். இவ்வளவையும் என்ன செய்வார் என்று விருந்தாளிக்குப் புரியவில்லை. பிற்பகலில் பசியோடு வருகிறவர்களுக்கு அந்தச் சோளத்தையே எடுத்துக் கொடுக்கிறார். அவர்கள் அங்கேயே சுட்டுச் சாப்பிடுகிறார்கள். "டாஞ்சி பாபுக்களில் அவர் ஒருத்தர்தான் விலையைக் குறைக்கச் சொல்லாதவர்" என்பார் வங்கி அதிகாரி.

இந்த வட்டாரத்தின் பெயர் இன்று வேறு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபடுகிறது. கர்மாடார் இருக்கும் ஜாம்தாரா மாவட்டம் செல்போன் மோசடிக்குப் பேர்போனது. 2020இல் அதை வைத்து ஒரு தொடரே வந்தது. மாலியின் மகன் டோட்டோ ஓட்டிக்கொண்டே சலித்துக்கொள்கிறார்: "ஆதார் கார்டைக் காட்டினால் போதும், ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரிக்கிறார்கள்."

பூட்டிய வீடுகள்

பாபுக்கள் வருவது ஒரே நாளில் நிற்கவில்லை. ஜமீன் ஒழிந்தது. மலேரியாவுக்கு மருந்து வந்தது. கூட்டுக் குடும்பம் கலைந்து ஒரு வீட்டுக்குப் பதினாறு வாரிசுகள் ஆனார்கள். ஒரு மாத விடுமுறை நாலு நாளாகச் சுருங்கியது. நாலு நாளுக்குப் பூரியும் திகாவும் போதும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருட்டு பயமும் சேர்ந்துகொண்டது. பூட்டிய வீட்டில் முதலில் ஜன்னல் கம்பி போகும், பிறகு கதவு, பிறகு கூரை உத்தரம். 2022 ஜூலையில் தேவ்கரில் விமான நிலையம் திறந்தாயிற்று. நினைத்த நேரத்தில் வந்து சாமி கும்பிட்டுத் திரும்பலாம். தங்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

வங்கி அதிகாரியின் தாத்தா, கல்கத்தா உயர் நீதிமன்ற வக்கீல், கட்டிய வீடு தப்பித்து நின்றதற்கு ஒரே காரணம் மாலியின் குடும்பம். வக்கீல் வேலைக்கு வைத்தது இவருடைய தாத்தாவை. மூன்று தலைமுறையாகக் கிணற்றடியில் உள்ள இரண்டு அறைகளில் குடியிருப்பு. கடைசிச் சம்பளம் மாதம் ஐயாயிரம் ரூபாய். ஊரில் வீட்டுக் காவலுக்கு வைத்தவர்களே வீட்டை விழுங்கிய கதைகள் உண்டு. அதேபோல ஆண்டுக் கணக்கில் சம்பளமே அனுப்பாமல் மறந்துபோன முதலாளிகளின் கதைகளும் உண்டு. இந்த வீட்டில் இரண்டும் நடக்கவில்லை.

2021இல் வங்கி அதிகாரி காலமானார். தீதி புனேயில் மூத்த மகனிடம் போய்விட்டார். முழங்கால் வலி, இனி வர முடியாது. 2023இல் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் நல்ல விலை சொன்னார். வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவது திட்டம். சட்டச் சிக்கலும் இல்லை. சந்தால் பர்கனாவில் 1949ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டப்படி விவசாய நிலத்தை விற்க முடியாது. ஆனால் 'பசௌரி' என்று வகைப்படுத்திய வீட்டுமனைகளைக் கைமாற்றலாம். இந்த மனை பசௌரி. வாங்குபவரின் நிபந்தனை ஒன்றுதான்: இடம் காலியாக வேண்டும். கிணற்றடி அறைகள் உட்பட.

தீதி லேக் மார்க்கெட்டுக்குப் போன் செய்தார். "என் பிள்ளைகளைவிட அந்த வீட்டில் அதிக நாள் இருந்தவர்கள் நீங்கள். ஒரு தடவை போய் இருந்துவிட்டுச் சொல்லுங்கள்."

காலி என்றால் என்ன?

அந்த டிசம்பர் பத்து நாளும் அவர்கள் எதையும் விட்டுவிடவில்லை. நடை, சந்தை, பதரோல், கர்மாடார். இரவு தணலைச் சுற்றி உட்கார்ந்து பேச மட்டும் ஆள் குறைவு. வராந்தாவின் இரண்டு நாற்காலிகளில் ஒன்று காலி. கணவர் அதில் உட்காரவும் இல்லை, அதை உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை.

வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். மாடிப் படிக்கட்டில் விரிசல். கிழக்கு அறைக் கூரையில் ஓட்டை. வாயில் தூணின் பளிங்குப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒரு நோட்டில் ரிப்பேர் செலவைக் கூட்டிப் பார்த்தார். கூட்டிய தொகையை யாரும் செலவு செய்யப் போவதில்லை என்பது தெரிந்தது.

"விற்கத்தான் வேண்டும்" என்றார் ஏழாம் நாள்.

"வீட்டை விற்கட்டும்" என்றார் மனைவி. "காலியாக இருக்கிறதைக் காலி என்று சொல்லலாம். கிணற்றடியில் அஞ்சு பேர் இருக்காங்களே, அதை எப்படிங்க காலி என்று எழுதிக் கொடுக்கிறது?"

மாலி வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் ஒரு காலை முருங்கைக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாஜி, அடுத்த வருஷம் எந்த மாசம் வருவீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அன்று மாலை புனேக்குப் போன் போனது. மனைவி சொன்ன யோசனை எளிமையானது. மனையைப் பிரித்து, கிணறும் இரண்டு அறைகளும் உள்ள மூலையில் மூன்று கட்டா நிலத்தை மாலி பெயருக்குப் பதிவு செய்துவிட்டு, மீதியை விற்பது.

பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கவில்லை. கிணறு இல்லாத மனைக்கு விலை குறையும் என்றார் பெரியவர். சின்னவர் பணமாகக் கொடுத்துவிடலாமே என்றார். தீதி மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரே வாக்கியம்தான் பேசினார்: சம்பளம் ஐயாயிரம் என்று கொடுத்தபோது மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. 2024 மார்ச்சில் பதிவு நடந்தது. ஒப்பந்தக்காரர் விலையைக் குறைத்தார், ஆனால் வாங்கினார்.

மூத்த மகனே நேரில் வந்திருந்தார். இருபது வருஷம் கழித்து மதுபூர். மாலியின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜூலையில் வீடு இடிபட்டது. பிரம்பு நாற்காலிகளை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பளிங்குப் பலகை புனேக்குப் போனது.

2024 டிசம்பரில் தமிழ்த் தம்பதி மறுபடியும் மதுபூரில் இறங்கினார்கள். ஊரில் லாட்ஜ்கள் இருக்கின்றன, ஒன்றில் அறையும் சொல்லி வைத்திருந்தார்கள். டோட்டோ அங்கே போகவில்லை. கிணற்றடி அறைகளில் ஒன்றுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு கட்டில் போட்டிருந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். சமையல் இடத்துச் சுவரில் ஆணி அடித்துத் தோசைக்கல் தொங்கியது.

லேக் மார்க்கெட்டில் கேட்கும் கேள்வியை இந்த முறை டோட்டோவில் கூட வந்த ஒரு பயணியும் கேட்டார். இங்கே பார்க்க என்ன இருக்கிறது? "பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்" என்றார் மனைவி.

நாலு நாள் தங்கினார்கள். கிளம்பும் காலையில் மாலி வழக்கம்போலக் கிணற்றிலிருந்து இறைத்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். ஜீரணத்துக்கு நல்லது. வரும் வருஷம் பூஜைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரயில்வே பாஸில் ஒன்றை அதற்காக எடுத்து வைத்தாயிற்று.